மரப்பு ஊசியும் அம்மாவின் வெள்ளணுக்களும்

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. பத்து வருடமாக சுகர். இடது மார்பில் கட்டி, ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் வந்திருக்கிறது. கீமோ கொடுக்காமல் நேராக ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முழு மயக்கத்தோடு முதுகுப் பக்கம் ஒரு பிளாக் ஊசியும் போட்டால் வலி குறையும் என்றார் மயக்க மருந்து டாக்டர். பி.ஃபார்ம் படிக்கும் என் சித்தி மகன், 'அந்த மருந்து வெள்ளை அணுக்களை முடக்கிவிடும்' என்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்பினான். மறுநாளே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அதே வகை மருந்தைக் கட்டியைச் சுற்றிப் போட்டால் புற்றுநோய் திரும்பாது என்று மும்பைச் செய்தி ஒன்று வந்தது. எதை நம்புவது? போன வருடம் சீழ் பிடித்த பல்லைப் பிடுங்கப் போனபோது அம்மாவுக்கு ஊசி சரியாக மரக்கவும் இல்லை, நாற்காலியிலேயே மயங்கியும் விட்டார். அலர்ஜியாக இருக்குமோ? கடைசியாக ஒன்று. என் ஒன்றரை வயது மகளுக்குத் தடுப்பூசிக்கு முன்னால் மரப்பு கிரீம் தடவலாமா? அது தடுப்பூசியைக் கெடுத்துவிடாதா?
– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

உங்கள் தம்பி அனுப்பிய கட்டுரையில் பொய் எதுவும் இருக்காது என்றே நினைக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வெள்ளணுக்களைப் போட்டு, மேலே லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தை ஊற்றினால் அவை சோர்ந்துதான் போகும். ஆனால் உங்கள் அம்மாவின் வெள்ளணுக்கள் கண்ணாடித் தட்டில் இல்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். அதற்கு முன்னால், வெள்ளணுவை இந்த மருந்து என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

லிக்னோகெயினை 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார். 1948-லிருந்து சைலோகெயின் என்ற பெயரில் கடைக்கு வந்தது. நரம்புக்குள் சோடியம் புகும் வாசலை அடைப்பதுதான் அதன் வேலை. வாசல் அடைந்தால் வலிச் செய்தி மூளைக்குப் போகாது. பியூபிவகெயின், ரோபிவகெயின் எல்லாம் இதன் பங்காளிகள். நரம்பை மட்டும் தொட்டுவிட்டுப் போகும் சாதுவான மருந்து என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள்.

வெள்ளணு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரத்தக் குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. காயம் பட்ட இடத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு இறங்கியாக வேண்டும், ஆனால் ஓட்டம் நிற்காது. நிற்காத டவுன் பஸ்ஸிலிருந்து ஸ்டாப்பில் குதிப்பவர் முதலில் கம்பியைப் பிடித்துத் தொங்கி, இரண்டு எட்டு கூடவே ஓடி, பிறகு இறங்குவார் இல்லையா? அதே கதைதான். குழாயின் உட்சுவரை லேசாகப் பற்றி உருளும், பிறகு கெட்டியாக ஒட்டும், பிறகு உடம்பைச் சுருக்கிச் சுவரின் இடுக்கு வழியாக வெளியே நழுவும். கிருமியிடம் போய்ச் சேர்ந்ததும் அதை விழுங்கி, உள்ளே ஒரு ரசாயனத்தைத் தயாரித்துக் கொல்லும். அந்த ரசாயனம் வேறொன்றுமில்லை, பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் கிருமியைக் கொல்கிறதே, அதே ஹைப்போகுளோரஸ் அமிலம்.

இந்த ஒவ்வொரு படியிலும் மரப்பு மருந்து கை வைக்கிறது. 1980-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், லிக்னோகெயின் கொடுத்தால் வெள்ளணுக்கள் ஒட்டுவது குறைகிறது, அழற்சி உள்ள இடத்துக்கு வந்து சேர்வதும் குறைகிறது என்று காட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் நகர்வது, விழுங்குவது, அமிலம் தயாரிப்பது எல்லாமே மருந்தின் செறிவு ஏற ஏற மந்தமாவது தெரிந்தது. இதற்குச் சோடியம் வாசல் காரணமில்லை. வெளியிலிருந்து வரும் 'அபாயம்' என்ற செய்தியை அணுவுக்குள் கடத்தும் ஜி-புரதங்களில் ஒரு வகையின் வேலையை இந்த மருந்துகள் தடுக்கின்றன என்று 2000-க்கு முன்பின்னாக ஹோல்மன், டியூரியு என்ற மயக்கவியல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தம்பி படித்தது இந்த வழியில் வந்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது கணக்கு. மயக்க மருந்து டாக்டரான நான் ஆபரேஷன் தியேட்டரில் கையில் எடுக்கும் லிக்னோகெயின் 2 சதவீத வயலில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. மருந்து, அதாவது 20,000 மைக்ரோகிராம். அதை உடம்பில் போட்ட பிறகு, சரியான அளவில் போட்டிருந்தால், ரத்தத்தில் ஒரு மி.லி.க்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் தேறும். ஐந்தைத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தொடங்கலாம் என்று நாங்கள் உஷாராகிவிடுவோம். ஊசி முனையில் இருப்பதற்கும் ரத்தத்தில் ஓடுவதற்கும் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். வெள்ளணுக்கள் பளிச்சென்று முடங்குவதாகக் காட்டும் ஆய்வுகள் பலவற்றில் தட்டில் ஊற்றிய அளவு, ரத்தத்தில் ஓடும் அளவைப் போல நூறு மடங்கோ அதற்கும் மேலோ. ஊசி போட்ட இடத்தில் அந்த அளவு இருக்கும்தான். ஆனால் எவ்வளவு நேரம்? ரத்த ஓட்டம் மருந்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ரத்தத்தில் இருக்கும் லிக்னோகெயினில் பாதி, இரண்டு மணி நேரத்துக்குள் கல்லீரலில் கழிந்துவிடும். பியூபிவகெயினுக்கு மூன்று மணி நேரம் போலாகும். தட்டிலேயேகூட மருந்தைக் கழுவி எடுத்தால் வெள்ளணுக்கள் பெரும்பாலும் பழையபடி வேலைக்குத் திரும்பிவிடுகின்றன.

செறிவும் நேரமும் சேர்ந்தால் இந்த மருந்து நிஜமாகவே கெடுதல் செய்யும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. தோள்பட்டை ஆபரேஷன் முடிந்ததும் மூட்டுக்குள்ளேயே குழாய் வைத்து, இரண்டு மூன்று நாள் விடாமல் பியூபிவகெயினைச் சொட்டவிடும் பழக்கம் அமெரிக்காவில் இருந்தது. சிலருக்கு மூட்டின் குருத்தெலும்பே கரைந்து போனது, அவர்களில் பலர் இளைஞர்கள். 2009-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. உங்கள் அம்மாவுக்குப் போடப்போவது ஒரு தடவை ஊசி. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தம்பி பயப்படுகிற அதே குணத்தைத்தான் எங்கள் ஆட்கள் வருடக்கணக்காக ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆபரேஷன் நடந்தால் வெள்ளணுக்கள் சில சமயம் முன்கோபிகளாகிவிடும், சின்னத் தூண்டுதலுக்கும் தாம்தூம் என்று குதித்து நல்ல திசுவையும் சுடும். லிக்னோகெயின் அந்த முன்கோபத்தை மட்டும் தணிக்கிறது, அடிப்படை எதிர்ப்பு வேலையைக் கெடுப்பதில்லை என்று ஒரு கருத்து உண்டு. அப்படியானால் டிரிப்ஸில் சொட்டவிட்டால் நோயாளி சீக்கிரம் தேறுவாரே? பிரிட்டனில் குடல் ஆபரேஷன் செய்துகொண்ட ஐந்நூற்றுச் சொச்சம் பேரிடம் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். குடல் சீக்கிரம் வேலைக்குத் திரும்பியதா என்றால், இல்லை. மருந்து கொடுத்தவர்களுக்கும் வெறும் உப்புநீர் கொடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ரத்தத்தில் ஓடும் அந்தச் சின்ன அளவு நாம் நினைத்த நன்மையைச் செய்யவில்லை. அதே அளவு பெரிய கெடுதலைச் செய்யும் என்று நான் ஏன் நம்ப வேண்டும்? தட்டில் சோதித்தபோதும், புற்றணுக்களைத் தேடிக் கொல்லும் என்.கே. அணுக்கள் ரத்தத்தில் இருக்கும் அளவு லிக்னோகெயினில் இன்னும் சுறுசுறுப்பாக இருந்தன என்றுதான் 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது. தம்பிக்கு இதையும் அனுப்பிவிடுங்கள்.

அம்மாவுக்குச் சொன்ன பிளாக் விஷயத்துக்கு வருகிறேன். மார்புப் புற்றுநோய் ஆபரேஷனில் முதுகெலும்பை ஒட்டிப் போடும் பிளாக்குக்கு, அதாவது நரம்பை மரக்கவைக்கும் ஊசிக்கு, ஒரு கதை இருக்கிறது. 2006-ல் அயர்லாந்து மருத்துவர்கள் பழைய நோயாளிகள் 129 பேரின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார்கள். பிளாக் போட்டவர்களில் மூன்று வருடம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 94 சதவீதம், போடாதவர்களில் 77 சதவீதம். மயக்கவியல் உலகமே துள்ளியது. நானும்தான் துள்ளினேன், பொய் சொல்வானேன். பிளாக் போட்டால் உடம்பு அதிர்ச்சியடைவது குறைகிறது, மார்ஃபின் தேவை குறைகிறது, அதனால் எதிர்ப்பு அணுக்கள் காப்பாற்றப்படுகின்றன என்று மாநாட்டுக்கு மாநாடு படம் போட்டுப் பேசினார்கள். ஆனால் கேஸ் ஷீட்டைப் புரட்டுவது வேறு, சீட்டுக் குலுக்கிப் போட்டு இரு பிரிவாகப் பிரித்துச் சோதிப்பது வேறு. மயக்கவியல் ஆய்வாளர் டேனியல் செஸ்லர் தலைமையில் பல நாடுகளில் 2,108 பெண்களிடம் அப்படிச் சோதித்தார்கள். முடிவு 2019-ல் வந்தது. இரண்டு பக்கமும் நோய் திரும்பியது 10 சதவீதம் பேருக்கு. ஆறு மாதம் கழித்து இருந்த வலியில்கூட வித்தியாசம் இல்லை.

எங்களுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கிய முடிவுதான். ஆனால் உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆயிரம் பெண்களுக்கு மேல் பிளாக் போட்டும் நோய் திரும்புவது கூடவில்லை. எதிர்ப்பு சக்தியை அந்த ஊசி குலைத்திருந்தால் அங்கே தெரிந்திருக்கும். ஆகவே பிளாக்கை வலிக்காகவே போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் கையைத் தூக்கவும், மூச்சை நன்றாக இழுக்கவும், ராத்திரி தூங்கவும் அது உதவும். வாந்தியும் குறையும். முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், அதை இந்தத் தடவை விட்டுவிடுவோம்.

மும்பைச் செய்தி. இதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். அங்குள்ள டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராஜேந்திர பட்வே தலைமையில் நடந்த ஆய்வு அது, 2023-ல் கட்டுரையாக வந்தது. ஆரம்ப நிலை மார்புப் புற்றுநோய், நேராக ஆபரேஷன், சுமார் 1,600 பெண்கள். பாதிப் பேருக்குக் கத்தி வைப்பதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்னால் கட்டியைச் சுற்றி 0.5 சதவீத லிக்னோகெயின். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4 சதவீதம். வயல் ஒன்றின் விலை சினிமா டிக்கெட்டை விடக் குறைவு. அதற்கு இந்தப் பலன் என்றால் சும்மாவா? புற்றணுக்களின் மேலும் சோடியம் வாசல்கள் உண்டு, கத்தி படும்போது அவை கிளம்பி ஓடாமல் மருந்து அடக்குகிறது என்பது அவர்கள் யூகம். ஆக இது வெள்ளணு விவகாரமே அல்ல, புற்றணு விவகாரம். முதுகில் போடும் பிளாக் கட்டியைத் தொடுவதில்லை, அதனால் மேலே சொன்ன 2019 முடிவோடு இது மோதவும் இல்லை. மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஊசி போடாத பெண்களுக்குப் போலி ஊசிகூடப் போடவில்லை, யாருக்கு எது என்பது அறுப்பவர்களுக்குத் தெரியும். இன்னொரு இடத்தில் இன்னொரு குழு செய்து இதே முடிவு வரட்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். நானாக இருந்தால் சர்ஜனிடம் கேட்பேன், அவர் சரியென்றால் போட்டுக்கொள்வேன்.

ஆனால் ஒரு நிபந்தனை, இதைத்தான் நீங்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். சர்ஜன் கட்டியைச் சுற்றிப் போடுவதும் மயக்க மருந்து டாக்டர் முதுகில் போடுவதும் ஒரே ரத்தத்தில்தான் கலக்கும். அட்ரினலின் கலக்காத லிக்னோகெயினுக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 4.5 மி.கி. அம்மா 60 கிலோ என்றால் 270 மி.கி. 0.5 சதவீத மருந்தில் அது 54 மி.லி. அந்த ஒன்றிலேயே கோட்டா தீர்ந்துவிடுகிறது. மேலே பியூபிவகெயினும் சேர்ந்தால் நச்சும் சேரும். ஆரம்பத்தில் வாயைச் சுற்றி மதமதப்பு, காதில் ரீங்காரம், அப்புறம் வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு. முழு மயக்கத்தில் இருப்பவரால் முதல் இரண்டையும் சொல்லவும் முடியாது. எனவே இரண்டும் வேண்டுமென்றால் இரு டாக்டர்களும் ஒருவருக்கொருவர் பேசி அளவைப் பங்கு போட வேண்டும், அல்லது ஒன்றை விட வேண்டும். சர்ஜனிடம் தனியாகக் கேட்டுவிட்டு மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். 20 சதவீத லிப்பிட் மருந்து (கொழுப்புக் குழம்பு) தியேட்டரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நச்சு ஏறினால் அதுதான் முறிவு. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உங்கள் கடிதம் ஒரு பக்கம் முழுக்க ஊசியைப் பற்றி. சுகருக்கு இரண்டே சொல். எனக்கு அங்கேதான் உறுத்தியது. வெள்ளணுவை நிஜமாக முடக்குவது ரத்தத்தில் ஏறிக் கிடக்கும் சர்க்கரைதான். நகர்வது, விழுங்குவது, கொல்வது என்று மேலே சொன்ன அத்தனை வேலையும் சுகர் ஏறினால் மந்தமாகும். அது இரண்டு மணி நேரத்தில் கழிந்து போகும் சமாசாரம் இல்லை, பகலும் இரவும் ஓடிக்கொண்டிருப்பது. மூன்று வாரம் கையில் இருக்கிறது. மூன்று மாத சராசரி எவ்வளவு என்று பார்த்து, சுகர் டாக்டரிடம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஆபரேஷன் நாளிலும் மறுநாளும் 180-க்குக் கீழே நிற்கிறதா என்று நீங்களே கேட்டுக்கொண்டிருங்கள். மாத்திரைச் சீட்டில் 'க்ளிஃப்ளோசின்' என்று முடியும் பெயர் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், அதைப் பொதுவாக மூன்று நாளாவது முன்னதாக நிறுத்தச் சொல்வோம். அடுத்தது குளிர். பிளாக் ஆராய்ச்சி செய்த அதே செஸ்லர், 1996-ல் தன் குழுவோடு 200 குடல் நோயாளிகளிடம் ஒன்று காட்டினார். தியேட்டரில் உடம்பு இரண்டு டிகிரி குளிர்ந்து போனவர்களில் 19 சதவீதம் பேருக்குக் காயத்தில் சீழ் பிடித்தது, கதகதப்பாக வைத்திருந்தவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். போர்வை விஷயம் என்று சிரிக்காதீர்கள். காத்திருக்கும் அறையில் அம்மா ஒற்றைத் துணியில் நடுங்கிக்கொண்டிருந்தால் சிஸ்டரைக் கூப்பிட்டு இன்னொரு போர்வை கேளுங்கள்.

பல் மரக்காததற்கு அம்மா மேல் குற்றம் இல்லை, ஊசியின் மேலும் இல்லை. மருந்து நரம்புக்குள் நுழைய வேண்டுமென்றால் மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். சாதாரணத் திசுவில் லிக்னோகெயினில் நாலில் ஒரு பங்கு அப்படி இருக்கும். சீழ் கட்டிய இடம் புளித்த மாவு மாதிரி, அமிலம் ஏறிப் போயிருக்கும். அங்கே நுழையக்கூடிய பங்கு நூற்றுக்கு மூன்று நான்கு என்று சுருங்கிவிடலாம். அதனால்தான் பல் டாக்டர்கள் சீழைத் தாண்டித் தள்ளி நரம்பின் தலைமாட்டில் ஊசி போடுவார்கள், அல்லது முதலில் சீழை வடிப்பார்கள். 'எனக்கு எந்த ஊசியும் ஏறாது' என்று இதை வைத்து முடிவு கட்டியவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அம்மாவின் முதுகில் சீழ் இல்லை, ஊசி ஏறும்.

மயங்கியதும் அலர்ஜியாகத் தெரியவில்லை. பல் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். அது கொஞ்சம் ரத்தத்தில் ஏறினாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். வலி, பயம், காலையில் சரியாகச் சாப்பிடாதது எல்லாம் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். இந்த வகை மருந்துகளுக்கு உண்மையான அலர்ஜி அபூர்வம். இருந்தாலும் அன்று என்ன நடந்தது என்று அம்மாவிடம் நிதானமாகக் கேளுங்கள். உடம்பில் தடிப்பு வந்ததா, உதடு வீங்கியதா, மூச்சு இழுத்ததா? இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் ஆபரேஷனுக்கு முன்னால் சொல்லியே ஆக வேண்டும், பரிசோதனை வேண்டியிருக்கும். அப்போதும் குற்றவாளி பல சமயம் மருந்தாக இருக்காது, வயலில் கெடாமலிருக்கச் சேர்க்கும் மெத்தில்பாராபெனாக இருக்கும். அது சேர்க்காத ஆம்பூல்கள் இருக்கின்றன.

பாப்பாவின் கிரீம். கவலையே வேண்டாம், இதைத் தனியாகவே சோதித்திருக்கிறார்கள். கனடாவில் குழந்தைகளுக்கு, இந்தக் கிரீமில் இருப்பது போலவே லிக்னோகெயினும் பிரிலோகெயினும் கலந்த ஒட்டுப்பட்டையை வைத்துவிட்டுத் தட்டம்மைத் தடுப்பூசி, முத்தடுப்பு வகை ஊசி, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி எல்லாம் போட்டு, பிறகு ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஊறியிருக்கிறதா என்று அளந்தார்கள். வைக்காத குழந்தைகளுக்கு எவ்வளவோ அவ்வளவு ஊறியிருந்தது. குழந்தை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போகாதீர்கள், அதிகம் தடவினால் பிரிலோகெயின் ரத்தத்தின் நிறத்தையே மாற்றிக் குழந்தை நீலம் பாரிக்கும். ஒரு மணி நேரம் முன்னதாகத் தடவி, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் போட்டு மூடி, குழந்தை அதை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், இந்தத் தடவை ஊசி தொடையிலா கையிலா என்று முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். என் மகளுக்கு நான் ஒரு மணி நேரம் மெனக்கெட்டு வலது தொடையில் தடவிக்கொண்டு போனேன். சிஸ்டர் இடது கையில் போட்டுவிட்டார்.